பிசிறு வெட்டும் கூடத்தில் இருந்த கணக்கு

மதுரையில் ரப்பர் தொழில் இருக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். மல்லிகைப்பூவும் சுங்குடிச் சேலையும் தெரிந்த அளவுக்கு இது தெரியாது. கோச்சடையில் ஃபென்னர் வி-பெல்ட் செய்கிறது. டிவிஎஸ் குழுமத்துக்கு ரப்பர் பிரிவு இருக்கிறது. இவை போக, எங்களைப் போன்ற சின்ன மோல்டிங் கம்பெனிகளும் உண்டு. கேரளத்து மலையில் பால் எடுத்துக் காயவைத்த ஷீட் ஒரு ராத்திரி லாரிப் பயணத்தில் இங்கே வந்து இறங்கிவிடும். நாங்கள் இருப்பது கப்பலூர் பக்கம். வண்டிக்கும் பம்புக்கும் போகும் புஷ், குரோமெட், கேஸ்கெட், பெல்லோஸ் எல்லாம் செய்கிறோம்.

தலைமைப் பண்பு, புதுமை, வளர்ச்சி என்று ஓட்டல் ஹாலில் நடக்கிற கருத்தரங்குகளுக்கு நானும் போயிருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருக்கும். அங்கே பேசுகிறவர்கள் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை ஒரு சின்னப் பட்டறைக்குள் எந்த வாசல் வழியாகக் கொண்டுவருவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எங்களுக்கு அந்த வாசல் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. பிசிறு வெட்டும் கூடத்தில்.

ரப்பர் மோல்டிங் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரப்பரில் ரசாயனங்கள் சேர்த்துப் பிசைந்த கலவைக்குக் காம்பவுண்ட் என்று பெயர். அதைத் துண்டு துண்டாக வெட்டி மோல்டுக்குள் வைத்து, பிரஸ்ஸில் அழுத்தி, 160 டிகிரி வாக்கில் சில நிமிடம் வேகவிட வேண்டும். குழியை நிரப்பியது போக மிச்சம் ஓரத்தில் மெல்லிசாகப் பிதுங்கி நிற்கும். ஃப்ளாஷ் என்பார்கள், எங்கள் ஆட்களுக்குப் பிசிறு. அதைக் கத்தரியாலும் பிளேடாலும் வெட்டி எடுப்பது ஒரு தனி வேலை. பெரும்பாலான கம்பெனிகளில் அது பெண்கள் செய்யும் வேலை, சம்பளம் குறைந்த வேலை, ஆபீஸிலிருந்து ஆகத் தள்ளி நடக்கும் வேலை. எங்களிடம் வருகிறவர்கள் திருமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள். 2021இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு, பாதியில் நிற்பவர்கள் குறைந்தார்கள். சம்பளத்தில் பஸ்ஸுக்குப் போவது எவ்வளவு பெரிய பங்கு என்பது அப்போதுதான் எங்கள் கணக்குப் பிள்ளைக்கே புரிந்தது.

குவாலிட்டி இன்ஸ்பெக்டர் ஒரு லாட்டில் சில பீஸ்களை எடுத்துப் பார்ப்பார். பிசிறு வெட்டுகிறவர்களோ ஒவ்வொரு பீஸையும் விரலால் தொடுகிறார்கள். கம்பெனியிலேயே முழு உற்பத்தியையும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்களிடம் போய்க் கேட்கும் வழக்கம் நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் இருந்ததில்லை.

ஒரு கோடையில் ஒரு புஷ்ஷில் ரிஜெக்‌ஷன் ஏறிக்கொண்டே போனது. சில பீஸில் ஓரம் நிரம்பவில்லை, சிலதில் பிசிறு தகடு மாதிரி தடித்து நின்றது. காம்பவுண்ட் ரிப்போர்ட் சரியாக இருந்தது. மோல்டைக் கழற்றிப் பார்த்தோம், தேய்மானம் இல்லை. பிரஸ் பிரஷரும் சரி. அப்புறம் நானே ஒரு மதியம் பின்கூடத்தில் போய் உட்கார்ந்தேன். வெட்டுகிறவர்களில் மூத்த அக்கா தலை நிமிராமலே சொன்னார்: “காலையில வர்றது பட்டு மாதிரி வருது சார். சாப்பாட்டுக்கு அப்புறம் வர்றதுதான் கையை அறுக்குது. அந்தக் கடைசி பிரஸ்ஸுல வர்றது மட்டும். அங்கிட்டு ரெண்டு பிரஸ்ஸுல வர்றதுக்கு ஒண்ணும் இல்ல.”

அவர் சொன்ன அந்த ரெண்டு விஷயம் போதுமானதாக இருந்தது. எந்த நேரம், எந்த பிரஸ். கடைசி பிரஸ் பக்கத்தில் ஒரு இரும்பு ரேக். அந்த பிரஸ்ஸுக்குக் காலையில் வெட்டிய காம்பவுண்டுத் துண்டுகள் நாள் முழுக்க அதில்தான் கிடக்கும். பிளாட்டன், அதாவது பிரஸ்ஸின் சூடான இரும்புத் தட்டு, அதன் சூடும் மேற்கு வெயிலும் சேர்ந்து அடிக்கும் இடம். சல்ஃபரும், வேகுவதை விரைவாக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்த்த காம்பவுண்ட் சூட்டில் கிடந்தால் மோல்டுக்குள் போகும் முன்பே கொஞ்சம் வேக ஆரம்பித்துவிடும். ஸ்கார்ச் என்பது அதுதான். அப்படி ஆனால் அது மோல்டுக்குள் ஓடாது, மோல்டும் முழுசாக மூடாது. பிசிறு தடிக்கும், ஓரம் நிரம்பாது. ரேக்கை வடக்குச் சுவருக்கு மாற்றினோம். ஒரு மணி நேரத்துக்கு வேண்டிய துண்டுகளை மட்டும் தட்டில் கொண்டுவந்து கொடுப்பது, முதலில் வெட்டியது முதலில் போவது என்று வைத்தோம். செலவு என்று சொன்னால் ரேக்கை நகர்த்தியவர்களுக்கு வாங்கிக் கொடுத்த டீதான்.

அதன்பிறகு பிசிறு வெட்டும் மேசையில் ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் தனித் தட்டு வைத்தோம். மோல்டின் ஒவ்வொரு குழிக்குள்ளும் சின்னதாக ஒரு நம்பர் வெட்டினோம். அது பீஸில் பதிந்து வரும். கெட்டதை ஒதுக்கும்போது அந்த நம்பருக்கு நேரே ஒரு கோடு போட்டால் போதும். சாயங்காலம் அந்தத் தாளைப் பார்த்தால் எந்தக் குழி தேய்கிறது, எந்த ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் டாஷ்போர்டு போட்டுத் தருகிறோம் என்று பிற்பாடு ஒருவர் வந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தாளில் கோடு போடும் கை வேறு, மறுநாள் மோல்டைக் கழற்றும் கை வேறு. நடுவில் இந்த ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாவிட்டால் டாஷ்போர்டு சுவரில் தொங்கும் காலண்டர்தான்.

சரி, யோசனைப் பெட்டி என்று ஒன்று வைப்பார்களே, அதைப் பற்றி. பூட்டுப் போட்ட பெட்டியை நான் எங்கே பார்த்தாலும் அதில் டீக்கடை பில்லும் கேன்டீன் பற்றிய திட்டும்தான் இருக்கும். எங்களிடம் பெட்டி கிடையாது. டீ குடிக்கும் இடத்தில் ஒரு கரும்பலகை இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் சூப்பர்வைசர் அதில் எழுதுவார். சனிக்கிழமைக்குள் அதன் பக்கத்தில் பதில் எழுதியாக வேண்டும். ‘செய்தாயிற்று’, ‘அடுத்த மாதம்’, ‘முடியாது, இன்ன காரணம்’. முடியாது என்பதைவிட ஆட்களை முடக்கிப்போடுவது பதிலே வராமல் இருப்பதுதான். பணப் பரிசை நிறுத்திவிட்டேன். யோசனை யாருடையது என்று சண்டை வந்தது, சொல்ல வேண்டியதைப் பரிசு அறிவிக்கும் மாதம்வரை அமுக்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது யோசனையை ஒரு சாதனமாகச் செய்து காட்டினால், செய்தவர் பெயரையே அதற்கு வைத்துவிடுகிறோம். ஸ்டோர் ரிஜிஸ்டரிலும் அந்தப் பெயர்தான்.

மதுரைக்காரருக்கு இதற்கெல்லாம் ஜப்பான் உதாரணம் தேவையில்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல் கோணிப்போன மனிதர். அங்கே அறுவை அரங்கில் டாக்டருக்கு ரெண்டு மேசை. ஒரு மேசையில் ஆபரேஷன் முடியும்போது அடுத்த மேசையில் நோயாளி தயாராகப் படுத்திருப்பார். தயார்ப்படுத்துவது, கருவி எடுத்துக் கொடுப்பது, கட்டுப் போடுவது எல்லாம் கிராமத்திலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். டாக்டர் கை மட்டுமே செய்யக்கூடிய வேலையை மட்டும் டாக்டர் செய்வார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகாததால் 1992இல் ஆரோலேப் தொடங்கி அதையும் இங்கேயே செய்தார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை அங்கே கூட்டிப் போனபோது நான் அந்த ஓட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர்கூடச் சும்மா நின்று எதற்காகவும் காத்திருக்கவில்லை.

எங்கள் பட்டறையில் காத்திருப்பு எங்கே என்று தேடினால், மோல்டு மாற்றும்போது. பழைய மோல்டை இறக்கிப் புதிய மோல்டை ஏற்றுவது பெரிய வேலை இல்லை. ஏற்றிய சூடேறாத இரும்பு 160 டிகிரிக்குச் சூடாகும்வரை பிரஸ் சும்மா நிற்கும். பெரிய மோல்டு என்றால் மணிக்கணக்கு. அதற்குப் பயந்தே சின்ன ஆர்டர்களைத் தட்டிக் கழிப்போம். ஓரமாகக் கிடந்த ஒரு பழைய பிரஸ்ஸின் பிளாட்டனை எடுத்து, ஹீட்டர் மாட்டி, தரையோடு ஒரு மேசையாக வைத்தோம். அடுத்து ஏற வேண்டிய மோல்டு முந்திய ஆர்டர் ஓடும்போதே அதில் கிடந்து சூடாகும். மாற்றும் நேரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. எங்களுக்கு வளர்ச்சி என்பது அங்கேதான் தொடங்கியது. பெரிய கம்பெனிகள் ‘இருநூறு பீஸ்தானே’ என்று தொடாத ஆர்டர்களை எடுக்க முடிந்தது. அதில் விலையும் கொஞ்சம் கூடவே கிடைக்கும்.

மின்வெட்டுக் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். 2012இல் சென்னைக்கு வெளியே தொழில் செய்தவர்களுக்கு நினைவிருக்கும், ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. மோல்டிங்குக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. பிளாட்டன் சூடாகி வரும்போது கரண்ட் போகும். வெந்துகொண்டிருக்கும் பீஸ் அரைவேக்காட்டில் நின்றுபோகும். பெரிய ஜெனரேட்டருக்குக் கொட்டேஷன் வாங்கிப் பார்த்து மடித்து வைத்துவிட்டோம். ஒரு பிரஸ் ஆபரேட்டர்தான் கேட்டார்: “சோறு வடிச்ச பானைய மூடி போட்டுச் சாக்குல பொதிஞ்சு வச்சா சாயங்காலம் வரைக்கும் சூடு நிக்குதுல்லண்ணே, இதை ஏன் நாலு பக்கமும் தொறந்து போட்டுருக்கோம்?”

கேட்டது சரி. கரண்டைத் தின்பது ஹீட்டர்தான். எங்கள் பிரஸ்ஸில் ஹீட்டர்கள் சேர்ந்து 10 கிலோவாட் வரும், எண்ணெய் பம்ப் மோட்டார் 5 எச்.பி. பிளாட்டனின் நாலு பக்கமும் கண்ணாடிக் கம்பளி வைத்துத் தகரத்தால் மூடினோம். (பழைய ஆட்கள் ஆஸ்பெஸ்டாஸ் கேட்பார்கள். மலிவாகக் கிடைத்தாலும் அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன், வேண்டாம்.) ஹீட்டர் இ.பி. கரண்டில் மட்டும். மோட்டாருக்கும் விளக்குக்கும் கையில் இருந்த சின்ன ஜெனரேட்டர். கரண்ட் போனாலும் சூடு உடனே இறங்காது. ஓடிக்கொண்டிருக்கும் ரவுண்டை நேரம் கொஞ்சம் கூட்டி முடித்துவிடலாம், அதற்கு மேலும் ஒன்றிரண்டு ரவுண்டு ஓட்டலாம். மின்வெட்டு போய்ப் பல வருஷம் ஆகிறது. மூடி மட்டும் இன்னும் இருக்கிறது, கரண்ட் பில் குறைவதால்.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. டிவிஎஸ்ஸைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் பஸ் விட்ட காலத்தவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் வண்டி ஓட்ட கேஸ் பிளான்ட்டை அவருடைய நிறுவனமே செய்தது. முடை வந்தால்தான் மூளை ஓடும் என்று இதை வைத்துச் சிலர் பேசுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. முடை வந்த எத்தனையோ பேர் கடையை மூடிவிட்டுப் போனார்கள். தட்டிப்பார்க்கத் தெரிந்த ஆட்கள் உள்ளே ஏற்கெனவே இருக்க வேண்டும், அவர்கள் வாயைத் திறக்கும்படியும் இருக்க வேண்டும்.

வாய் திறக்காத ஆளிடம் என்ன செய்வது? எங்கள் மில் மாஸ்டர் அப்படி. ரெண்டு உருளை ஓடும் மில்லில் ரப்பரைப் பிசைந்து, ஜிங்க் ஆக்ஸைடு, ஸ்டியரிக் ஆசிட், கார்பன் பிளாக், எண்ணெய், கடைசியில் சல்ஃபர் என்று வரிசையாகச் சேர்ப்பவர். எதை எப்போது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் கண்ணிலும் மூக்கிலும் இருந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்கும்போது அவர் கட்டாயம் வைகைக் கரையில் இருப்பார். அந்த வாரம் எங்களுக்குக் காம்பவுண்ட் கிடையாது. எழுதித் தரச் சொன்னால் சிரிப்பார். ஒரு நாள் நேரடியாகவே கேட்டார்: “எல்லாத்தையும் தாளில எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் நான் எதுக்குத் தம்பி?”

நியாயமான கேள்வி. அதற்கு விடை தராமல் வீடியோ எடுப்பது, பக்கத்தில் ஆள் போட்டு ஒளிந்து கற்பது எல்லாம் சில கம்பெனிகளில் செய்கிறார்கள். மாஸ்டர் ஒரு பொருளை மட்டும் தப்பாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார், அவ்வளவுதான். நாங்கள் வரிசையை மாற்றினோம். முதலில் சம்பளத்தைக் கூட்டி, காம்பவுண்ட் பிரிவுக்கு அவரைப் பொறுப்பாளர் ஆக்கினோம். அவர் கையெழுத்து இல்லாமல் எந்த பேட்சும் பிரஸ்ஸுக்குப் போகாது. ரெண்டு பையன்களை அவரே பார்த்து எடுத்துக்கொண்டார். அதன்பிறகுதான் நோட்டு. நூறு பங்கு ரப்பருக்கு மற்றது எத்தனை பங்கு, எந்த வரிசை, எத்தனை நிமிடம். அவர் சொல்லச் சொல்லப் பையன் எழுதினான். ஒவ்வொரு பேட்சிலும் ஒரு துண்டை, சூட்டில் அது எப்படி வேகிறது என்று கிராஃபில் காட்டும் ரியோமீட்டர் சோதனைக்கு அனுப்பி, முழுசாக வேக எடுக்கும் நேரம் எங்கே நிற்கிறது என்று பக்கத்திலேயே குறித்தோம். தன் மூக்கு சொன்னதும் கிராஃப் சொன்னதும் ஒத்துப்போவதைப் பார்த்ததில் மாஸ்டருக்கு இருந்த பெருமிதம், எங்களுக்குக் கிடைத்த நோட்டைவிடப் பெரிது. பையன்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் ரெசிபி இல்லை. காலையில் மில்லை ஓடவிட்டு, சேஃப்டி பாரைத் தட்டி, உருளை நிற்கிறதா என்று பார்ப்பது. மில்லுக்குள் போன கை திரும்பாது.

பணக் கணக்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் இதில்தான் விழுகிறார்கள். ஆர்டர் ரெட்டிப்பாவது நல்ல செய்தி மாதிரித்தான் வரும். மாதம் 10 லட்சத்துக்குச் சரக்கு அனுப்பி, பணம் 90 நாளில் வருகிறது என்றால் 30 லட்சம் எப்போதும் வெளியே நிற்கும். 20 லட்சமாக வளர்ந்தால் நிற்பது 60 லட்சம். லாபம் காகிதத்தில் இருக்கும், வெள்ளிக்கிழமை சம்பளத்துக்கு நகை பேங்குக்குப் போகும். 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவு 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் தராதவர், தருகிற வருஷம்வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது. ஆகவே உத்யம் பதிவு எண்ணை, அதாவது சிறுதொழில் என்று அரசிடம் பதிந்த எண்ணை, இன்வாய்ஸிலேயே பெரிதாக அச்சடியுங்கள். நோட்டீஸ் அனுப்பி வாடிக்கையாளரைப் பகைப்பதைவிட, அவர்களுடைய ஆடிட்டர் கண்ணில் அந்த எண் படுவது நல்லது.

இன்னொன்று விலை. 2011இல் இயற்கை ரப்பர் கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்றது. 2016 தொடக்கத்தில் 100க்கும் கீழே கிடந்தது. ஒரே விலையை வருஷம் முழுக்க ஒப்புக்கொள்வது சூதாட்டம். கோட்டயம் சந்தையில் ஆர்எஸ்எஸ்-4 என்ற தர ஷீட் ரப்பரின் மாதச் சராசரி விலை இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் பீஸ் விலையும் மாறும் என்று கொட்டேஷனிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இறங்கும்போது கேட்காமலே குறைத்துக் கொடுத்தால், ஏறும்போது எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

கல்லூரியிலிருந்து வரும் பிள்ளைகளைப் பற்றியும் கேட்பார்கள். புதிதாகச் சேரும் இன்ஜினியர் யாராக இருந்தாலும் முதலில் பிசிறு வெட்டும் மேசையில்தான் உட்கார வேண்டும். சிலர் வீட்டிலிருந்து போன் வரும், இதற்கா படிக்கவைத்தோம் என்று. தாக்குப்பிடித்து உட்கார்ந்தவர்கள் மோல்டு டிசைனில் பிரிகோட்டை, அதாவது மோல்டின் பாகங்கள் சேரும் கோட்டை, எங்கே வைத்தால் வெட்டச் சுலபம் என்று தாங்களே சொல்ல ஆரம்பிக்கிறார்கள். பிசிறு கையோடு கிழிந்து வரும்படி குழியைச் சுற்றி ஒரு சின்னப் பள்ளம் வைக்கலாம் என்று ஒரு பெண் சொல்லி, இப்போது புது மோல்டுகளை எல்லாம் அப்படித்தான் வெட்டுகிறோம். வெட்டும் வேலை குறைந்தால் தங்கள் வேலை போய்விடுமோ என்று மூத்த அக்காக்கள் பயந்தார்கள். யாரையும் நிறுத்தவில்லை. ரெண்டு பேர் இப்போது இறுதிச் சோதனைக்குப் போய்விட்டார்கள், கூடுதல் சம்பளத்தில். அந்த உறுதியை முதலில் கொடுக்காமல் எந்தப் புதுமையையும் ஆட்களிடம் எதிர்பார்க்க முடியாது.

இப்போது முயன்றுகொண்டிருப்பது இன்னும் ஒரு படி. ஷிப்ட் சூப்பர்வைசர் யாரையும் கேட்காமல் பிரஸ்ஸை நிறுத்தலாம், வாடிக்கையாளரின் குவாலிட்டி ஆட்களோடு நேரே பேசலாம் என்பது ஏற்கெனவே வந்துவிட்டது. அடுத்ததாக, பழைய மோல்டில் மறுபடி வரும் சின்ன ஆர்டர்களுக்கு விலை சொல்லும் வேலையையும் அவரிடமே விட்டிருக்கிறோம். போன வாரம் முதல் கொட்டேஷனை அனுப்பினார். நான் சொல்லியிருக்கக்கூடிய விலையைவிடக் கூடவே போட்டிருந்தார், காரணமும் எழுதியிருந்தார், மோல்டு மாற்றும் நேரம் உட்பட. பதில் இன்னும் வரவில்லை. பேரம் பேச எனக்குப் போன் வந்தால் அவர் கையில் கொடுப்பதாக இருக்கிறேன்.